எதிராளியின் பேச்சைத் திருப்பிச் சொன்ன சபை

சின்னவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். ஏரிக்கு ஊர்க்காரர்களே காவல் இருந்த காலம் அது. மருதவளம் என்ற சிறு நாட்டை இளவெயினன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அவன் சபையில் யார் பேச்சும் யார் காதிலும் ஏறுவதில்லை.

மேட்டுத்தெருவுக்காகப் பேசுகிறவன் கீரன், உழவன். பள்ளத்தெருவுக்காகப் பேசுகிறவள் வெண்ணி, பானை வனைகிறவள். ஏரி மதகை மூடித் தண்ணீரைத் தேக்க வேண்டும் என்பான் கீரன். மதகு திறந்தே கிடக்கட்டும் என்பாள் வெண்ணி. உடனே அவன் அவளை மூடம் என்பான். அவள் அவனைப் பேராசைக்காரன் என்பாள். பிறகு இரண்டு தெருவும் எழுந்து நின்று கத்தும்.

முதலில் இரு தெருக்காரர்களும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போவதை நிறுத்தினார்கள். அடுத்து ஒரே கிணற்றில் நீர் இறைப்பதை நிறுத்தினார்கள். கடைசியில் ஏரிக்கரைக்கு மண் போடுவதையும் நிறுத்தினார்கள். கரையில் எலிகள் வளை தோண்டின. வெடிப்பு விழுந்தது. மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அரசன் கவலைப்பட்டான். “சபையில் திட்டுகிறவர் எழுந்து வெளியே போக வேண்டும்” என்று ஆணையிட்டான். உச்சிப்பொழுதுக்குள் சபையில் அரசன் மட்டும்தான் மிஞ்சினான்.

“இனிய சொல்லால் மட்டுமே பேச வேண்டும்” என்று மறுபடி ஆணையிட்டான். “அறிவிற் சிறந்த அம்மையே” என்று கீரன் ஆரம்பித்தான். அவன் அதைச் சொன்ன விதத்தில், எந்த வசவுக்கும் அழாத வெண்ணி அன்று அழுதுவிட்டாள்.

சோர்ந்துபோய் அரண்மனைக்குத் திரும்பிய அரசன், தன் மனைவி நறுவீயிடம், “ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்பதே இல்லை” என்று புலம்பினான்.

“நானும் சில நாளாக உங்களிடம் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னவென்று சொல்லுங்கள், பார்ப்போம்” என்றாள் அவள்.

“தோட்டத்துக் குளத்தைத் தூர்வார வேண்டும் என்றாய்.”

“இல்லை.”

“புது யாழ் வேண்டும் என்றாய்.”

“இல்லை.”

அரசன் தலை குனிந்தான். “எனக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை சொல். இந்த முறை கேட்கிறேன்.”

“என் தாய்க்கு உடம்பு சரியில்லை. போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தக் கவலையில் உங்களைத் தனியே விட்டுப் போக எனக்கு மனமில்லை.”

அரசன் அவள் சொன்னதை அப்படியே மெல்லத் திருப்பிச் சொன்னான். அவள் கண் நிறைந்தது. “ஆமாம். நான் சொன்னது அதுதான்” என்றாள்.

மறுநாள் காலையில் அவளைத் தாய்வீட்டுக்கு வண்டியேற்றி அனுப்பிவிட்டு, அரசன் சபைக்கு வந்து மூன்றாவது ஆணையைச் சொன்னான். “மறுத்துப் பேச விரும்புகிறவர், முதலில் எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஆமாம், அதுதான்’ என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே தன் பேச்சைத் தொடங்கலாம். இது எனக்கும் சேர்த்துத்தான்.”

கீரன் எழுந்தான். “தண்ணீர் வீணாகப் போனாலும் இவளுக்குக் கவலையில்லை.”

“அது நான் சொன்னதில்லை” என்றாள் வெண்ணி.

“கரை உடையும் என்று பயப்படுகிறாள்.”

“அது பாதிதான்.”

இத்தனை காலம் எதிரே உட்கார்ந்திருந்தும் மீதிப் பாதி கீரனுக்குத் தெரியவில்லை. “நீயே சொல்லம்மா” என்றான்.

“போன மழையில் கரை கசிந்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பிள்ளைகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டு விடியும்வரை இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். இப்போது தூறல் போட்டாலே பிள்ளைகள் என் சேலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஏரி நிரம்புவதை நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தக் கரையை நம்பி நிரப்பாதீர்கள் என்கிறேன்.”

கீரன் அதைத் திருப்பிச் சொன்னான். பரண்மேல் பிள்ளைகள் என்ற இடத்தில் அவன் குரல் உடைந்தது.

“ஆமாம். அதுதான்” என்றாள் வெண்ணி.

அடுத்து அவள் முறை. அவளும் இரண்டு தடவை தவறினாள். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னாள். “கோடையில் தண்ணீரும் வைக்கோலும் இல்லாமல், கன்றிலிருந்து வளர்த்த காளைகளை நீ கண்காணாத ஊருக்கு ஓட்டிவிட வேண்டியதாயிற்று. கடைசிக் காளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. வறண்ட ஏரியைப் பார்த்தால் உனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.”

“ஆமாம். அதுதான்” என்றான் கீரன்.

அதற்காக அவர்கள் உடனே ஒத்துப்போய்விடவில்லை. அன்று முழுக்க வாதாடினார்கள், மறுநாளும் வாதாடினார்கள். ஆனால் யாரும் யாரையும் மூடம் என்று சொல்லவில்லை. கரையைப் பலப்படுத்தும்வரை மதகு திறந்திருக்கட்டும், முடிந்ததும் மூடலாம் என்று முடிவாயிற்று. கரை எங்கெங்கே கசிகிறது என்பது பள்ளத்தெருவுக்குத் தெரியும். மண் சுமக்க மேட்டுத்தெருவில் வண்டிகள் இருந்தன. அரசனும் கூடை தூக்கினான்.

மேகம் திரண்ட ஒரு காலையில் வேலை முடிந்தது. மதகுப் பலகையை இறக்கக் கீரன் போனான். கையை வைத்தவன் நின்றான். விலகி நின்று, “வெண்ணி, உனக்குச் சம்மதமானால் நீயே இறக்கு” என்றான்.

வெண்ணி கரையைப் பார்த்தாள். கீழே தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள்.

“பலகை கனமாக இருக்கும். நீயும் ஒரு கை பிடி” என்றாள்.

இருவரும் சேர்ந்து இறக்கினார்கள். முதல் துளி விழுந்தது.

எதிர்க்கருத்து உள்ளவர் சொல்வதை அவரே ஒப்புக்கொள்ளும்படி நம் வாயால் சொல்லத் தெரிந்த பிறகே, அவரை மறுத்துப் பேசும் உரிமை நமக்கு வருகிறது.