மிதக்கும் ஊரின் கயிறு

"அரைப் பக்கத்துல ஒரு கிரகத்தையே அழிச்சிருதீங்க டீச்சர். படிக்கவனுக்கு எப்படி வலிக்கும்?"

சிவனணைந்தான் இப்படித்தான் ஆரம்பித்தார். உதவி கேட்டு வந்தவர் பேசுகிற பேச்சா இது? என்ன செய்ய, அவருக்கு வேறு மாதிரி பேச வராது.

மாயக்கதைகளைப் பத்திரிகையில் தொடராக எழுதியே பெயர் வாங்கியவர் அவர். அவர் கதையில் ஒரு ராஜா நோயில் படுத்தால், கண்ணை மூடுவதற்குள் வாசகர் வீட்டுக் கைக்குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிடும்.

ஜெசிந்தா டீச்சர் அவரைவிட ரொம்ப இளையவர். உள்ளங்கை அளவுக் கதைகள்தான் எழுதுவார். விண்கலம் வரும், பூதம் வரும், வந்த வேகத்தில் முடிந்தும் போகும். அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். 'மிட்டாய்க் கதைகள்' என்று மேடையிலேயே கிண்டல் அடித்தவர் சிவனணைந்தான்.

"உங்களுக்கு வலிச்சுதா அண்ணாச்சி?" என்று கேட்டார் டீச்சர்.



"வலிச்சுது. ஆஸ்பத்திரி வராண்டாவுல யாரோ விட்டுட்டுப் போன புஸ்தகத்துல படிச்சேன். அதான் வந்தேன். நான் ஒரு சின்னக் கதை சொல்லணும்."

"யாருக்கு?"

"என் மக உலகம்மைக்கு. ஐசியூவுல கெடக்கா. இனி ஒண்ணும் செய்யதுக்கில்லன்னுட்டாங்க. சாயங்காலம் ஒரு ஆளை உள்ள விடுதாங்க. ரெண்டு வார்த்தை பேசதுக்குள்ள வாட்ச்மேன் கதவைத் தட்டுதான். நேத்து கேட்டா, 'யப்பா, மிதக்குற ஊர்க் கதையைச் சொல்லுங்க. இன்னைக்காவது முடிச்சிருங்க'ன்னு."

"முடிச்சீங்களா?"

"எப்படி முடிக்க? அவ சின்னப்பிள்ளையில ஆரம்பிச்ச கதை. தூங்குறதுக்கு முன்னால கொஞ்சம் சொல்லிட்டு, 'மீதி நாளைக்கு'ன்னு வெளக்கை அணைச்சிருவேன். நேத்தும் பழக்கதோஷத்துல அதையே சொல்லிட்டு வந்துட்டேன் டீச்சர்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

டீச்சர் ஆறுதல் சொல்லவில்லை. எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தார். அவரை வெளியே நிற்கச் சொன்னார். கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டார்.

"கதையைச் சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கிழக்குக் கடலுக்கு மேல, ஏழு மேகத்துக்கு அந்தப் பக்கம்..."

கதவு சாத்திக்கொண்டது.

சுருக்கென்று கோபம் வந்தது அவருக்கு. தட்டினார். திறந்தது.

"அந்த ஊரை மிதக்கவிட்ட மந்திரவாதி பேரு வந்து..."

சாத்திக்கொண்டது.

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். அவமானத்தில் அவருக்குக் காது சிவந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியிருப்பார். ஆனால் சாயங்காலம் இதே மாதிரி இன்னொரு கதவு இருந்தது.

அந்த மூடிய கதவைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு மெதுவாகத் தட்டினார். திறந்தது.

"ஒரு ஊரு பறந்து போயிராம, கீழ ஒரு அப்பன் கயித்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கான்."

கதவு அசையவில்லை.

"அவன் மக அந்த ஊர்ல இருக்கா."

டீச்சர் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"முடிவு என்ன டீச்சர்?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு, கெளம்புங்க."

சாயங்காலம் உலகம்மை கண்ணை மூடிக் கிடந்தாள். அவளைச் சுற்றி மெஷின்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. சிவனணைந்தான் அவள் காதுப்பக்கம் குனிந்தார்.

"ஏட்டி, ஒரு ஊரு பறந்து போயிராம, கீழ ஒரு அப்பன் கயித்தைப் புடிச்சிக்கிட்டு நின்னான். மேலேயிருந்து அவன் மக எட்டிப் பாத்தா. 'யப்பா, கை வலிக்கலையா?'ன்னு கேட்டா."

உலகம்மை கண்ணைத் திறந்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது தாயி."

வாட்ச்மேன் கதவைத் தட்டினான்.

"அப்புறம்?" என்றாள்.

'மீதி' என்ற சொல் அவருடைய நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"அப்பன் கயித்தை விட்டுட்டான்."

அவள் அவரையே பார்த்தாள்.

"ஊரு?"

"மேல போச்சு."

"மக?"

வாட்ச்மேன் மறுபடியும் தட்டினான். அவர் கதவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடினார்.

உலகம்மை போர்வைமேல் கிடந்த கையை மெல்லத் தூக்கி, அப்பாவுக்கு டாட்டா காட்டினாள்.