தலையை இழுத்துக்கொண்ட ஆமை

மருதங்குளத்தின் மேற்குக் கரையில் ஓர் ஆமை பதினெட்டு முட்டைகளை இட்டு, மண்ணைப் போட்டு மூடி வைத்திருந்தது.

அந்த ஆண்டு கோடை கடுமை. தண்ணீர் வற்றிக் கரையோரம் சேறானது. மான்குட்டி ஒன்று அதில் வழுக்கி விழுந்து, செத்துப் பிழைத்தது. உடனே விலங்குகள் எல்லாம் மரத்தடியில் கூடின.

தலைவர் யானை. எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த தலைவர்தான். நல்ல மனசு, நிதானம்தான் கொஞ்சம் குறைவு!

"நாளைக் காலையில் மேற்குக் கரையை மிதித்துச் சமமாக்கிப் பாதை போடுவோம்!" என்றது யானை.

ஆமைக்குத் தன் முட்டைகளின் நினைவு வந்தது. வேண்டாம் என்று சொல்லக் கழுத்தை நீட்டியது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்மதம் என்றால் தலையைத் தாழ்த்த வேண்டும். மறுப்பு என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும். தலை எண்ணுவது நரியின் வேலை.

"என்ன, சரிதானே?" என்று யானை உற்சாகமாகத் தரையை ஓங்கி மிதித்தது. நிலம் அதிர்ந்தது. ஆமையின் தலை தானாக ஓட்டுக்குள் போய்விட்டது. பாவம், பிறவிப் பழக்கம்!

நரி விறுவிறுவென்று எண்ணியது. "மான் சம்மதம்! பன்றி சம்மதம்! ஆமை எல்லோரையும்விட அதிக சம்மதம்! தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது!"

"ஐயோ, நான் சம்மதிக்கவில்லை! பயத்தில் தலையை இழுத்துக்கொண்டேன்!" என்று ஆமை அலறியது.

"எண்ணியது எண்ணியதுதான், ஆமையக்கா! நீங்கள் ஒருத்தி மறுத்தால் மட்டும் என்ன ஆகிவிடும்? நாங்கள் நாற்பது பேர்!" என்று நரி சிரித்தது. கூட்டமும் சிரித்தது.

ஆமைக்கு அழுகை வந்தது. ஆனால் இப்போது வாயை மூடினால் பிள்ளைகள் போய்விடுமே! மெல்ல நகர்ந்து யானையின் காலடியில் போய் நின்றது.

"தலைவரே, அந்த மண்ணுக்குள் என் முட்டைகள் இருக்கின்றன. இன்னும் பன்னிரண்டு நாளில் பொரிந்துவிடும்."

சிரிப்பு சட்டென்று நின்றது. யானை ஓங்கிய காலை நினைத்து வெட்கப்பட்டது.

"அக்கா, என் குட்டிக்கும் வழி வேண்டுமே!" என்றது மான்.

"வேண்டும்தான், தங்கச்சி. பாதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் பொறுங்கள் என்றுதான் கேட்கிறேன்."

பன்றி யோசித்தது. "வடக்கே பாறைத் துறை இருக்கிறது. சுற்றிப் போக வேண்டும், ஆனால் வழுக்காது. அதுவரை அங்கே குடிக்கலாமே!"

"இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். என் தப்பு!" என்றது யானை. "மறுபடி எண்ணுவோம். இனிமேல் தலையைத் தாழ்த்தும் வேலையே வேண்டாம். வாயைத் திறந்து சொல்லுங்கள். மறுப்பவர்கள் முதலில் பேசட்டும்!"

யாரும் மறுக்கவில்லை. மான்தான் முதலில் "சம்மதம்!" என்றது. ஆமையின் முறை வந்தபோது அது மெதுவாக முன்னால் நகர்ந்து வந்தது. நரிகூட அவசரப்படுத்தாமல் காத்திருந்தது.

"சம்மதம்!" என்றது ஆமை, கழுத்தை முழுதாக நீட்டி.

பன்னிரண்டாம் நாள் பதினெட்டுக் குஞ்சுகளும் குடுகுடுவென்று தண்ணீரை நோக்கி ஓடின. அவை கடந்து போகும்வரை யானை அசையாமல் ஓரமாக நின்றது. "அப்பாடா!" என்று ஆமை பெருமூச்சு விட்டது. மறுநாள் காலையில் பாதை வேலை தொடங்கியது.

தலைகளை எண்ணினால் மட்டும் போதாது. மறுப்பவர் அஞ்சாமல் பேச இடம் கொடுத்து, அதைக் கேட்ட பிறகு எண்ணுவதே நல்ல ஆட்சி.