காலிக் குழி

“ஆச்சி, காசுப் பெட்டியில ஒரே ஒரு குழிதான் காலி. அது நிறையுற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்ல.”

அருளானந்து இதைச் சொல்லாத நாள் கிடையாது.

கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூழ்கிய கப்பல்களிலிருந்து மீட்ட தங்கக் காசுகளைச் சேர்ப்பவர். அந்தக் காசுகளைப் பார்க்கும் வித்தையை மெய்யம்மை ஆச்சியிடம் கற்றுவந்தார். ஆச்சி அவரைவிட வயதில் இளையவர்.

அன்று காலை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“கிடைச்சிடுச்சு ஆச்சி.”

கைக்குட்டையைப் பிரித்தார். சிப்பியும் சுண்ணாம்பும் இறுகிய ஒரு கட்டி. ஓர் ஓரத்தில் மட்டும் தங்கம். அதில் ஒரு மீன்.

பெட்டியில் இல்லாத அந்த இரட்டை மீன் காசு. இன்னொரு மீன் கட்டிக்குள் இருந்தது.

மூழ்கிய கப்பலைத் தேடிப் போன மீட்புப் படகு கரைக்கு வந்ததுமே ஓடினாராம். கார் சாவியைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினாராம். கார் சர்வீசுக்குப் போயிருப்பதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாராம்.

சொல்லிக்கொண்டே வினிகர் கிண்ணத்தை எடுத்து வைத்தார். அதில் போட்டால் சுண்ணாம்பு கரைந்துவிடும்.

“போட்டுடவா?”

“முதல்ல பாருங்க.”

“பார்த்துட்டேன் ஆச்சி. மீன்.”

ஆச்சி கட்டியைப் புரட்டி வைத்து, பூதக்கண்ணாடியை நீட்டினார்.

அருளானந்து குனிந்தார். வெள்ளைச் சுண்ணாம்பு. அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள்.

கட்டியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்.

“துணி பதிஞ்சிருக்கு ஆச்சி. துணி மக்கிப் போச்சு, நெசவு அப்படியே நிக்குது. ஐயோ, முடிச்சுகூடத் தெரியுது. ஒண்ணு, ரெண்டு, மூணு முடிச்சு.”

“பணப்பையா?”

“பைன்னா நிறைய காசு இருக்கும். இது ஒத்தைக் காசு. இது நேர்த்திக்கடன் ஆச்சி. நான் கப்பல் ஏறும்போதெல்லாம் என் வீட்டுக்காரி இப்படித்தான் மஞ்சத் துணியில ஒரு காசு முடிஞ்சு குடுத்து விடுவா. கரை சேர்ந்தா மாதாவுக்குன்னு.”

“சேர்ந்ததும்?”

“அன்னைக்கே உண்டியல்ல போட்டுடுவா. ஒரு ராத்திரி வீட்டுல வைக்க விடமாட்டா.”

“இது எப்ப கரைக்கு வந்துச்சு?”

“நேத்து சாயங்கா…”

அருளானந்து ஜன்னலிலிருந்து திரும்பினார்.

வினிகர் வாடை அறை முழுக்க இருந்தது. பெட்டி திறந்தே கிடந்தது. நீல வெல்வெட்டில் அந்தக் குழி.

“இதை முடிஞ்சு எடுத்துட்டுப் போனவர் கரை சேரலையே ஆச்சி.”

“காசு வந்திருக்கே.”

அவர் கட்டியைக் கைக்குட்டையில் வைத்தார். முனைகளைச் சேர்த்து முடிந்தார். அவிழாதபடி மறுபடியும் முடிந்தார். மறுபடியும்.

“எந்தச் சாமிக்குன்னு தெரியலையே. யாரைக் கேட்கிறது?”

“முடிஞ்சு பழகினவங்களைக் கேளுங்க.”

வாசலுக்கு வந்தபிறகுதான் கார் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

வீட்டை நோக்கி நடந்தார். வேகமாக.