மேற்கு வழி

“தாயே, நான் எங்கே தவறினேன்?”

குன்றின்மேல் குகை வாசலில் நனைந்தபடி நின்று கேட்டார் நாகையன். ஆற்றுத்துறையில் ஓடக்காரர்களுக்கெல்லாம் தலைவர். நரைத்த மனிதர்.

உள்ளே இருந்த பெண்துறவி அருந்தவை அவரைவிட இளையவள். ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு.

“நடந்ததைச் சொல்.”

“வெள்ளம் ஊரைச் சூழ்ந்துவிட்டது. அக்கரைக்குப் போக இரண்டே வழி. கிழக்கே பாறைகள். இந்த வெள்ளத்தில் பத்து ஓடம் போனால் ஒன்று தப்புவதே அதிசயம். மேற்கே போனால் பத்தில் ஒன்பது கரை சேரும். மேற்கே போகச் சொன்னேன்.”

“பிறகு?”

“எங்கிருந்தோ ஒரு மரம் அடித்துக்கொண்டு வந்து ஓர் ஓடத்தை மோதிக் கவிழ்த்தது. அந்த ஓடத்தில் என் மகள் இருந்தாள்.”

நாகையன் முகத்தில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டார்.

“மிச்சப் பேர் கரையில் காத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. எந்த வழி என்று கேட்கிறார்கள். எனக்கு வாய் வரவில்லை.”

அருந்தவை எழுந்து இரண்டு பானைகளைக் கொண்டுவந்தாள். அவர் கண்ணெதிரே ஒன்றில் ஒன்பது வெள்ளைக் கூழாங்கற்களையும் ஒரு கறுப்பையும் போட்டாள். மற்றதில் ஒன்பது கறுப்பு, ஒரு வெள்ளை. இரண்டையும் குலுக்கி வைத்தாள்.

“பார்க்காமல் ஒரு வெள்ளைக் கல் எடு.”

நாகையன் முதல் பானைக்குள் கையை விட்டார். எடுத்து விரித்தார்.

கறுப்பு.

அவள் அந்தக் கல்லை வாங்கி, அதே பானையில் போட்டுக் குலுக்கினாள்.

“மறுபடி எடு.”

அவர் கை மற்றப் பானைப் பக்கம் போனது. அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி வந்தது.

“இதே பானைதான்.”

“அது உன்னைக் கைவிட்டதே?”

“பானை என்ன செய்யும், தாயே...”

சொல்லி முடிப்பதற்குள் தரையில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார்.

“என் தவறு என்று ஏதாவது இருந்தால், அதையாவது கட்டிக்கொண்டு அழுதிருப்பேனே!”

“தெரியும்,” என்றாள் அருந்தவை. “அதையும் உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.”

அவர் வெகுநேரம் எழவில்லை. அவளும் எழுப்பவில்லை.

பிறகு அவராகவே எழுந்து, கும்பிடாமல், குன்றிலிருந்து இறங்கிப் போனார்.

துறையில் தண்ணீர் மேல்படியைத் தொட்டுவிட்டது. ஓடக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“மேற்கே விடுங்கள்,” என்றார்.

யாரும் அசையவில்லை. ஒருவன் தலை குனிந்துகொண்டான்.

“மேற்கேதான்.”

ஓடக்காரர்கள் துடுப்பை எடுத்தார்கள். சனங்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி மட்டும் ஓடத்தின் விளிம்பில் கால் வைத்தபடி நின்றுவிட்டாள்.

“ஐயா, கரை சேர்ந்துவிடுவோமா?”

நாகையன் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளுக்குக் கை கொடுத்தார்.

“தெரியாது, அம்மா. ஏறு.”