தூங்கினால் மறக்கும் மூச்சு

"தூங்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க சாமி."

கொம்பையா இப்படிக் கேட்டதும் பாறையில் உட்கார்ந்திருந்த சீடர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். மூச்சுச்சாமியைத் தேடி மலையேறி வருகிறவர்கள் எல்லாம் தூக்கம் வரவில்லை என்றுதான் வருவார்கள். இவன் ஒருத்தன் தூக்கமே வேண்டாம் என்கிறான்.

சாமி சிரிக்கவில்லை. "ஏன்ப்பா?" என்றார். அவருக்குக் கொம்பையாவைவிட நாலைந்து வயசு குறைவாகத்தான் இருக்கும்.

கொம்பையாவின் மடியில் மூன்று வயசுப் பெண்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அவன் கட்டைவிரல் அதன் உள்ளங்காலிலேயே இருந்தது.

"இவ இசக்கி. முழிச்சிருக்கப்போ நல்லா மூச்சு விடுவா. தூங்கினா மறந்துருவா."

"மறந்துருவாளா?"

"நெஞ்சு இறங்கும் சாமி, ஏறாது. அப்போ உள்ளங்கால்ல நகத்தால அழுத்தணும். லேசா முழிச்சு ஒரு மூச்சு இழுப்பா. கொஞ்ச நேரம் ஓடும். மறுபடி நின்னுரும்."

"எத்தனை நாளா?"

"ஏழு மாசமா இந்தக் காலை நான் விடல. இவ முழிச்சு விளையாடுற நேரம்தான் எனக்குத் தூக்கம். இனிமே முடியாது சாமி. கொல்லன் பட்டறையில துருத்தி ஊதுறவன் நான். கை நின்னா காத்து நின்னுரும்னு எனக்குத் தெரியும். என் கை நிக்கப்போகுது."

சாமி கண்ணை மூடித் திறந்தார்.

"உன் மூச்சைப் பிடி. நான் சொல்லுற வரைக்கும் விடாதே."

கொம்பையா பிடித்தான். காது இரைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சாமி வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில் அவனையும் மீறி நெஞ்சு திறந்துகொண்டு காற்று உள்ளே பாய்ந்தது.

சாமி சிரித்தார். "விடாதேன்னு சொன்னேன். விட்டது யாரு?"

"நான் இல்ல சாமி."

"அப்போ உள்ளே ஒருத்தன் இருக்கான். நீ தூங்கினாலும் அவன் தூங்க மாட்டான். அவன்கிட்ட ஒப்படைச்சுட்டு நீ நிம்மதியாப் போ."

சீடர்கள் தலையாட்டினார்கள். இதை அவர்கள் நூறு தடவை கேட்டாயிற்று. ஆனாலும் ஒருத்தர், வழக்கம்போல, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொம்பையா பிள்ளையைப் பார்த்தான்.

"எனக்குள்ள அவன் இருக்கான் சாமி. இவளுக்குள்ள இல்லையே."

தலையாட்டல் நின்றது.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளையின் நெஞ்சு இறங்கியது. ஏறவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. சாமி குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. கொம்பையா நகத்தை அழுத்தினான். பிள்ளை முனகி, ஒரு மூச்சு இழுத்தது.

சாமி தான் உட்கார்ந்திருந்த பலகையைவிட்டு இறங்கி, வெறும் பாறையில் அவன் எதிரே உட்கார்ந்தார்.

"வைத்தியர்கள் என்ன சொல்லுறாங்க?"

"ஒருத்தர் பாக்கியில்ல. எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க."

"எனக்கும் தெரியலப்பா."

சீடர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவர்கள் கேட்டதே இல்லை.

கொம்பையாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீங்களும் இப்படிச் சொன்னா நான் எங்கே போவேன்? என்னிக்கோ ஒரு நாள் கண் அசந்துரும் சாமி. அன்னிக்கு என் கையாலயே இவளைக் கொன்னுருவேன்."

சாமி அவனைத் தாண்டிப் பார்த்தார். சுனைக்கரையில், புளியமரத்தடியில், ஒரு பெண் கட்டுச்சோற்று மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். பார்வை முழுக்க இந்தப் பக்கம்தான்.

"அது யாரு?"

"பூரணம். என் வீட்டுக்காரி."

"ஏன் அங்கேயே இருக்கா?"

கொம்பையா பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மூத்தவனுக்கும் இதே சீக்குதான் சாமி. ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டோம். ஏழு மாசத்துக்கு முன்னால, அவ முறையில, அவ கண் அசந்துட்டா. பிள்ளை போயிட்டான். அதுக்கப்புறம் இவ தூங்குறப்போ அவளைத் தொட விடுறதில்ல. நான் அவகிட்ட பேசுறதும் இல்ல. சோறு வைப்பா, தள்ளி உட்கார்ந்து பார்ப்பா. பிள்ளைக்குக் கண் சொக்கினா என்னை எழுப்பி விடுவா. அவ்வளவுதான்."

பக்கத்திலிருந்த பாறையில் கொம்பையா முதுகைச் சாய்த்தான். பாறை குளிர்ச்சியாக இருந்தது. சாமி ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தான். அவர் சொல்லுகிற வழியாக இல்லை.

"அவகிட்ட எப்படி சாமி குடுப்பேன்?" என்றான். நாக்கு ஏனோ ஒட்டிக்கொண்டது. "அவ தூங்கிருவா."

"மடியைப் பாரு," என்றார் சாமி.

மடி காலியாக இருந்தது.

கொம்பையாவின் கை மடியைத் துழாவியது. எழுந்திருக்கப் பார்த்தான், கால் மரத்துப்போயிருந்தது. உச்சியில் இருந்த வெயில் இறங்கி, புளியமரத்து நிழல் சுனையைத் தாண்டிப் போயிருந்தது.

"ஐயோ, எப்போ தூங்கினேன்?"

"அவ கண் அசந்துட்டான்னு சொன்னியே, அப்புறம் கொஞ்ச நேரத்துல. நான்கூடக் கவனிக்கல. உன் தலை சாஞ்சதும் அவதான் மூட்டையைப் போட்டுட்டு ஓடி வந்தா."

அவன் திரும்பினான்.

கையெட்டும் தூரத்தில் பூரணம் உட்கார்ந்திருந்தாள். இசக்கி அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பூரணம் அவனைப் பார்க்கவில்லை. பிள்ளையின் நெஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

கொம்பையா அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். ஏழு மாசம் கழித்து அவளிடம் ஒரு வார்த்தை பேசினான்.

"எத்தனை தடவை நின்னுது?"

"பதினேழு," என்றாள்.

சொல்லிக்கொண்டே, கட்டைவிரல் நகத்தைப் பிள்ளையின் உள்ளங்காலில் அழுத்தினாள். மூச்சு வந்தது.

"பதினெட்டு."