செயலாளர் காரும் வேதவல்லியின் இஸ்திரிப் பெட்டியும்

பூமியைக் காப்பாற்றப்போவதாகச் சொல்லி, அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் சபேசன் மின்சாரக் கார் வாங்கினார். சார்ஜ் போடப் புது லைன் இழுத்த செலவை மட்டும் மற்றவர்கள் தலையில் கட்டினார். படிக்கட்டடியில் துணி தேய்க்கும் வேதவல்லியையும் விடவில்லை.

“பங்கு கொடு, இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணு. இது எல்லாருக்கும் பொதுவான வசதி!”

“பொதுவா? அதை எல்லார் முன்னாடியும் ஒருதரம் சொல்லிடுங்க சார், கொடுத்துடறேன்.”

சார்ஜ் பிளக் திறப்பு விழாவில் கார்ச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மைக்கில் அப்படியே முழங்கினார் சபேசன். கைதட்டல் அடங்குவதற்குள் வேதவல்லி தன் கரி இஸ்திரிப் பெட்டியை ஓரங்கட்டி, இரவல் வாங்கிய மின்சார இஸ்திரிப் பெட்டியை அந்தப் புது பிளக்கில் சொருகினாள்.

“ஏய், யாரைக் கேட்டு என் பிளக்குல கை வச்சே?” மைக் இன்னும் கையில்தான் இருந்தது.

“உங்க பிளக்குன்னா உங்க செலவு சார்.”

வேதவல்லி பழையபடி கரியை ஊதத் தொடங்கினாள். சபேசனைச் சுற்றி, கொடுத்த பங்கைத் திருப்பிக் கேட்கும் கூட்டம் மொய்த்துக்கொண்டது.