கௌரவ விசிறி

வெயிலுக்குப் பேர்போன ஓர் ஊரில் ஒரு சமுதாயக் கல்லூரி இருந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார்களும் அங்கே தையலும் கணினியும் கற்றார்கள். பழைய கட்டடத்தில் இரண்டே அறைகள். மற்ற வகுப்பெல்லாம் பின்னால் போட்ட தகரக் கொட்டகைகளில்.

பழைய கட்டடத்தின் உத்தரத்தில் கூரை விசிறிகள் தொங்கினார்கள். கொட்டகையில் கொக்கி மாட்ட வழியில்லாததால் அங்கே ஸ்டாண்டு விசிறிகள் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்திதான் தலையாட்டி.

தலையாட்டிக்குத் தன் வேலை என்றால் உயிர். காலையில் தையல் கொட்டகை, மதியம் கணினிக் கொட்டகை, சாயங்காலம் லோடு ஆட்டோவில் ஏறிப் பக்கத்து ஊர்க் கிளை. ஊசியில் நூல் கோக்கும் நேரம் பார்த்து மெதுவாகச் சுற்றுவாள். துணி வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தையல் படிக்க வந்த ஜுபைதா அடிக்கடி சொல்வாள்: "இவ வந்து நின்னாத்தான் எனக்குப் பாடமே மண்டையில ஏறுது."

அதைக் கேட்டால் தலையாட்டிக்கு அன்று முழுக்க இறக்கை தரையில் நிற்காது.

விசிறிகளுக்கு எண்ணெய்தான் சம்பளம். மாதம் பிறந்தால் எண்ணெய்க் குப்பி வந்து கூரை விசிறிகளுக்கு வயிறு நிறைய ஊற்றுவார். தலையாட்டியிடம் வரும்போது மட்டும் தன் நீள மூக்கை நிமிர்த்திக்கொள்வார்.

"எத்தனை மணி அடிச்சுதோ அத்தனை சொட்டு. லீவு நாளுக்குக் கிடையாது."

"மணி அடிக்கிறதுக்கு முன்னாலயே வந்து கொட்டகைச் சூட்டை இறக்குறேனே, அது?" என்றாள் தலையாட்டி.

"அது உன் ஆசை."

"மணி அடிச்ச பிறகு சந்தேகம் கேக்க உக்காந்திருக்கிறவங்களுக்கு வீசுறேனே?"

"அது உன் நல்ல மனசு. ஆசைக்கும் நல்ல மனசுக்கும் என்கிட்ட கணக்குத் தலைப்பு இல்லம்மா."

தலையாட்டிக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பழைய கட்டடத்தின் மூத்த கூரை விசிறியான உத்தரத்தாரிடம் போய்க் கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்களும் காத்துதான் வீசுறீங்க, நானும் காத்துதான் வீசுறேன். எனக்கு மட்டும் ஏன் சொட்டுக் கணக்கு?"

"நான் நிரந்தரம். நீ கௌரவ விசிறி."

"கௌரவம்னா?"

உத்தரத்தார் யோசித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினார். "மரியாதைன்னு சொல்லலாம்."

"அதை எந்தப் பக்கமா ஊத்திக்கணும் அண்ணாச்சி?"

உத்தரத்தார் இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பாவம், அதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

சித்திரை பிறந்தது. கணினிக் கொட்டகையில் தலையாட்டியோடு நின்றவர் கரகரா. சத்தமும் பெரிது, காற்றும் பெரிது. ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே அவர் முதுகிலிருந்து புகை வந்தது. மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான வைண்டிங் கருகிவிட்டது.

கல்லூரியில் எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது வராந்தாச் சுவரில் இருந்த சுவிட்ச்போர்டு. தலையாட்டி நேரே அவரிடம் போனாள்.

"ஐயா, கரகரா அண்ணனுக்கு வைண்டிங் கட்டணும்."

"கூரை விசிறிக்குன்னா கட்டலாம், விதி இருக்கு. தற்காலிக விசிறிக்கு விதி இல்ல. சனிக்கிழமை பழைய இரும்பு வண்டி வருது, ஏத்தி விட்டுருவோம்."

"அவர் வேலைக்கு வந்தப்ப வாசல்ல அந்த வேம்பு சின்னக் கன்னு ஐயா. இன்னைக்கு உங்க சுவருக்கே அதுதான் நிழல். மரமே வேர் விட்டு நிலைச்சிருச்சு. அவர் இன்னுமா தற்காலிகம்?"

போர்டின் சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டியது. "அடுத்த கூட்டத்துல பேசலாம்."

"கூட்டம் எப்போ ஐயா?"

"சனிக்கிழமைக்கு அப்புறம்."

அன்று இரவு ஸ்டாண்டு விசிறிகள் எல்லாரும் கரகராவைச் சுற்றிக் கூடினார்கள்.

"ஒரேயடியா நின்னுருவோம்" என்றது கோபக்கார விசிறி ஒன்று.

"நின்னா வேர்க்கப்போறது போர்டுக்கா? ஜுபைதாவுக்குத்தான்" என்றாள் தலையாட்டி. "நிக்க வேண்டாம். எதுக்குச் சொட்டு தர்றாங்களோ அதுக்கு மட்டும் சுத்துவோம். தொடங்குற மணிக்கு முன்னால ஒரு சுத்தும் வேண்டாம், முடியுற மணிக்குப் பின்னால ஒரு சுத்தும் வேண்டாம்."

சொல்வது சுலபமாக இருந்தது. மறுநாள் காலை ஜுபைதா வழக்கம்போல் மணிக்கு முன்பே வந்தாள். தகரம் அப்போதே கொதித்தது. அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் தலையாட்டியின் முகத்துக் கம்பிகளையும் துடைத்தாள். "என்னடி, உனக்கும் உடம்புக்கு முடியலையா?" என்றாள். தலையாட்டிக்கு இறக்கை துடித்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

தொடங்கும்போதே உலையாகிவிட்ட கொட்டகையில், மணி அடித்த பிறகு சுற்றியும் சூடு இறங்கவில்லை. படிக்க வந்தவர்கள் இரண்டு நாள் பொறுத்தார்கள். சனிக்கிழமை எல்லாரும் தையல் மெஷினையும் பாயையும் தூக்கிக்கொண்டு பழைய கட்டடத்துக்கு வந்துவிட்டார்கள். இரண்டு அறையும் நிரம்பி, வராந்தாவும் நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

மேலிருந்து பார்த்த உத்தரத்தாருக்குத் தலை சுற்றியது. "இவ்வளவு பேரா நம்ம காலேஜ்ல படிக்கிறாங்க?"

"பின்னே? முக்கால்வாசிப் பேர் கொட்டகைதானே" என்றார் எண்ணெய்க் குப்பி.

உத்தரத்தார் முழு வேகத்தில் சுற்றிப் பார்த்தார். அவர் காற்று முன்வரிசையைத் தாண்டவில்லை. இத்தனை நாள் இந்தக் கூட்டத்துக்கெல்லாம் யார் வீசினார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் பழைய இரும்பு வண்டி வந்து நின்றது. கரகராவைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள். தலையாட்டி அவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"போகட்டும் விடு, தங்கச்சி" என்றார் கரகரா. குரலில் கரகரப்பே இல்லை.

உத்தரத்தார் பட்டென்று நின்றுவிட்டார்.

"உத்தரத்தாரே, உங்களுக்கு என்ன குறை?" என்றது போர்டு.

"எனக்கு ஒரு குறையும் இல்ல. அதனாலதான் நான் பேசுறேன். அவ பேசினா நாளைக்கே ஸ்டோர் ரூம்ல தள்ளிருவீங்க. என்னை இறக்கணும்னா இந்த உத்தரத்தையே அசைக்கணும். இத்தனை வருஷம் இந்தப் பிடிப்பை வச்சு நான் என்ன செஞ்சேன்னு இப்பத்தான் யோசிக்கிறேன். கரகரா வண்டியில ஏறினா நான் சுத்த மாட்டேன்."

பக்கத்து அறைக் கூரை விசிறியும் நின்றார். வராந்தாவில் அத்தனை பேர் மூச்சும் போர்டின் மேல் பட்டது. போர்டுக்கே சூடேறி, பிளாஸ்டிக் வாசனை வர ஆரம்பித்தது.

"ஏத்தவா, வேண்டாமா? எனக்கு அடுத்த தெருவுக்குப் போகணும்" என்று வாசலில் வண்டி அவசரப்பட்டது.

"நீ போப்பா" என்றது போர்டு.

வண்டி போன பிறகு அங்கேயே கூட்டம் நடந்தது. எல்லா விசிறிக்கும் இனி மாத எண்ணெய். லீவிலும் உண்டு. வைண்டிங் எரிந்தால் கல்லூரியே கட்டித் தரும்.

"கொட்டகைக்குக் கொக்கி?" என்றாள் தலையாட்டி.

"அதை அடுத்த கூட்டத்துல..."

"சரிங்க ஐயா. அந்தக் கூட்டத்துக்கு நாங்களும் வர்றோம்."

போர்டு மறுக்கவில்லை. தலையாட்டி கொட்டகைக்கு ஓடிப்போய், மணி அடிக்கும்வரை காத்திராமல் சுற்ற ஆரம்பித்தாள்.

கரகரா புது வைண்டிங்கோடு திரும்பி வந்தார். சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. "நான் ஓடுறேனா இல்லையான்னு பிள்ளைங்க எழுந்து வந்து பாக்குதுங்க" என்று ஒரு வாரம் புலம்பினார்.

பிறகு கோடை விடுமுறை வந்தது. ஸ்டாண்டு விசிறிகள் முதன்முறையாக எண்ணெய்க் கவலை இல்லாமல் உறை போட்டுக்கொண்டு ஸ்டோர் ரூமில் நின்றார்கள். மாதம் பிறந்ததும் கதவு திறந்தது. எண்ணெய்க் குப்பி உள்ளே வந்து, மூக்கைத் தாழ்த்தி, ஒவ்வொருவருக்கும் நிறைய ஊற்றிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வகுப்பு இல்லை. காற்று வேண்டும் என்று கேட்கவும் ஆளில்லை. தலையாட்டி உறையை விலக்கிவிட்டு, கொஞ்ச நேரம் தனக்காகச் சுற்றினாள்.